டுவேனின் முன்பல்

பகல் முழுக்க ஊராரின் வாயைத் திறக்கச் சொல்லி, "மெதுவா தேயுங்க, சின்னச் சின்ன வட்டமா தேயுங்க" என்று லோரீன் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்வாள். பல் மருத்துவரிடம் பல் சுத்தம் செய்யும் வேலை அவளுக்கு. அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தின் அந்தச் சின்ன ஊரே அவள் பேச்சைக் கேட்டது. கேட்காத ஒரே ஜீவன், அவள் கட்டிக்கொண்ட டுவேன்.

டுவேன் சீஸ் ஆலையில் பால் தொட்டி தேய்ப்பவன். தொட்டியின் ஓரத்தில் பால் காய்ந்து கல்லாகிவிட்டால் இன்னும் அழுத்தித் தேய்க்க வேண்டும், இதுதான் அவன் தெரிந்து வைத்திருந்த தொழில். தன் வாயையும் இன்னொரு தொட்டியாகவே நினைத்துவிட்டான் மனுஷன். ஈறில் ரத்தம் வந்தால், அழுக்கு மிச்சமிருக்கிறதென்று இன்னும் பலமாகத் தேய்ப்பான். புது பிரஷ் நாலே நாளில் தலைவிரிகோலமாகிவிடும்.

போன வசந்தத்தில் டாக்டர் சொல்லிவிட்டார். மேல்வரிசை முன்பல்லில் ஈறு தேய்ந்து மேலே ஏறுகிறது, இப்படியே போனால் பல் தங்காது. முன்பல் போனால் உதட்டுக்குப் பிடிமானம் இல்லை, அவன் ஊதும் ட்ரம்பெட்டும் போனதுதான். சனிக்கிழமை போல்கா நடனத்தில் ட்ரம்பெட் ஊதாத டுவேனை லோரீனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அந்த ஊதலில் மயங்கித்தானே இவனைக் கட்டினாள்!

மிருதுவான பிரஷ் வாங்கிக் கொடுத்தாள். ஒரே வாரத்தில் அவன் சாப்பாட்டுப் பெட்டியில் ஒரு முரட்டு பிரஷ் அகப்பட்டது.

"என்னய்யா இது?"

"அது... ஆலையில, சாப்பிட்டப்புறம் தேய்க்க."

"ஓகோ, மத்தியானம் வேற தனியா நடக்குதா?"

"நீ குடுத்தது தேய்க்கிற மாதிரியே இல்லடி. பூனை நக்குற மாதிரி இருக்கு."

"பூனைக்குப் பல்லு கெட்டியாத்தான் இருக்கு. உனக்குத்தான் கொட்டப் போகுது!"

முரட்டு பிரஷ் குப்பைக்குப் போனது. அன்று முதல் காலையும் மாலையும் லோரீன் தன் பிரஷ்ஷோடு அவன் பக்கத்தில் போலீஸ் மாதிரி நின்றாள். கடிகாரம் பார்த்து இரண்டு நிமிடம். கண்ணாடியில் அவன் கையையே முறைத்துக்கொண்டு தானும் தேய்ப்பாள். அவன் கொஞ்சம் அழுத்தினாலும் அவளுக்கு ரத்தம் கொதிக்கும். வாயில் நுரையோடு, "அழுத்தாத! எத்தன தடவ சொல்றது!" என்று கத்துவாள். சொந்தப் புருஷனுக்கு ஒரு பல் தேய்க்கக் கற்றுக்கொடுக்க முடியவில்லையே என்று அவளுக்கு அழுகையே வரும்.

இந்த வசந்தத்தில் இருவரும் பல் காட்டப் போனார்கள். ஈறை அளந்து பார்த்தவள் லோரீனோடு வேலை செய்யும் ட்ரூடி.

"டுவேன், ஈறு துளிகூட ஏறல. இந்தப் பல்லு உன்கூடவே இருக்கும்."

லோரீனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அடுத்து அவள் நாற்காலியில் சாய்ந்து படுத்தாள். ட்ரூடி ஒரு முறை அளந்தாள். மறுபடி அளந்தாள்.

"லோரீன், உனக்கு இடது பக்கம் ஈறு நல்லா தேஞ்சிருக்கே. போன வருஷம் இப்படி இல்லையே! என்ன பிரஷ்?"

"மிருதுவானதுதான்..."

"அப்போ கைதான் முரடு. யார் மேலடி இவ்வளவு கோவம்?"

கிளம்பத் தயாராகக் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்ற டுவேன் நிதானமாக அதைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான்.

"அழுத்தாதேன்னு எவளோ ஒருத்தி வருஷம் பூரா கத்திக்கிட்டிருந்தா ட்ரூடி. இனிமே நான் பக்கத்துல நிக்கிறேன். நல்லா அளந்து எழுதிக்கோ."

பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியை ட்ரூடி மறுபடி வாயில் நுழைத்திருந்ததால், லோரீனால் பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை.