கண்ணாடிக் கூடத்துக்குள் போன கோபம்

கண்ணாடிக் கூடத்துக்குள் வீசிய காற்று, அதன் கண்ணாடிகளின் கடைசி மூட்டு இடுக்கை அடைத்த பெண்ணின் கோபம். இது பஸ் கண்டக்டர் வரைக்கும் தெரிந்த சங்கதிதான். கூடத்தைக் கட்டிய இயக்குநருக்கு மட்டும் தெரிய ஒரு வருஷம் ஆயிற்று. அவர் அதுவரை கருவிகளைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். காற்று அடிக்கிறது என்று கருவி சொல்லும், யாருடைய காற்று என்று எப்படிச் சொல்லும்?

கூடம் இருந்தது ஊருக்கு வெளியே, பஸ் டிப்போவைத் தாண்டி, புல்கூட முளைக்காத மேட்டில். ஒரு குளம், கொஞ்சம் காடு, காய்கறிப் பாத்திகள், கோழிகள், தேனீப் பெட்டிகள், ஏழு மனிதர்கள், எல்லாவற்றையும் கண்ணாடிக்குள் வைத்து இரண்டு வருஷத்துக்கு மூடிவிடுவது. செடி விடும் மூச்சை மனிதர் வாங்கி, மனிதர் விடும் மூச்சைச் செடி வாங்கி, ஒரு குட்டி உலகம் பெரிய உலகத்திடம் கை நீட்டாமல் பிழைக்கிறதா என்று பார்ப்பது. வாசலில் ஒரு பலகை: 'வெளியிலிருந்து எதுவும் உள்ளே போவதில்லை. உள்ளிருந்து எதுவும் வெளியே வருவதில்லை.' இருக்கிற உலகத்தை ஒழுங்காக வைத்துக்கொள்ளத் துப்பில்லை, புதுசாக ஒன்று செய்யக் கிளம்பிவிட்டார்கள் என்று டிப்போ ஆட்கள் சொன்னார்கள். சொன்னவர்களே வேலை முடிந்து போகும்போது கண்ணாடியில் நெற்றியை ஒட்டி வைத்துக்கொண்டு நேரம் போவது தெரியாமல் நின்றார்கள்.

அந்த மூட்டு இடுக்கை அடைத்தவளுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. ஊர் வைத்தது சுள்ளி. காய்ந்த சுள்ளி மாதிரி, நெருப்பைக் காட்டக்கூட வேண்டாம், நெருப்பு என்று சொன்னாலே பற்றிக்கொள்வாள். அவளுக்கு முன்னால் அந்த வீட்டில் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அவள் அப்பா மிதித்திருக்கிறார், உடைந்த ஜன்னலுக்குக் கண்ணாடி மாட்ட. புத்திசாலித்தனம்தான் அவளை மேலே ஏற்றியது என்று பிற்பாடு எல்லோரும் சொன்னார்கள். பொய். கோபம்தான் ஏற்றியது. 'இதெல்லாம் உனக்கெதுக்கு' என்ற தலைமையாசிரியர்மேல் இருந்த கோபத்தில் பள்ளியை முடித்தாள். விண்ணப்பத்தைத் திருப்பித் திருப்பி அனுப்பிய குமாஸ்தாமேல் இருந்த கோபத்தில் தாவரவியல் பட்டம் வாங்கினாள். மற்ற பிள்ளைகள் டீ குடித்துக் கண் விழித்துப் படித்தார்கள். அவளுக்கு அந்த இரண்டு முகங்கள் போதும்.

ஏழு பேரில் ஒருத்தியாக உள்ளே போக அவளும் விண்ணப்பித்தாள். நேர்காணலில் மேசைக்குப் பின்னால் மூன்று பேர், நடுவில் இயக்குநர். இலையின் சுவாசம், மண்ணின் உப்பு, குளத்துப் பாசி என்று கேட்டதற்கெல்லாம் பதில் வந்தது. கடைசியாகப் பேனாவை மூடிக்கொண்டே இயக்குநர், "உங்க அப்பா என்ன பண்றார்?" என்றார். "ஜன்னலுக்குக் கண்ணாடி மாட்டறார். உங்க அப்பா என்ன பண்றார்?" என்றாள் இவள். மூடிய இடத்தில் பிறரோடு சேர்ந்து வாழ ஏற்ற சுபாவம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அடுத்த மாதமே அதே கூடத்தின் மூட்டுகளை அடைக்கும் வேலை அவள் அப்பாவுக்கு வந்தது. அவருக்கு வலது கையைத் தோளுக்கு மேலே தூக்க வராது. பட்டம் வாங்கியவள், கண்ணாடி இடுக்கை அடைக்கும் மக்குப் பசைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அப்பாவின் பின்னால் ஏணி ஏறினாள்.

கண்ணாடிக்காரர்களுக்குள் ஒரு முறை உண்டு. சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் மக்கு வைத்து அடைத்துக்கொண்டே வந்து, கடைசி மூட்டில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை மட்டும் விடுவார்கள். அதில் வாயை வைத்து ஒரு முழு மூச்சு ஊத வேண்டும். போன மூச்சு திரும்பி வந்து உதட்டைத் தொட்டால் எங்கும் ஒழுகல் இல்லை. தொட்ட அந்தக் கணமே மக்கை அப்பிக் கட்டைவிரலால் அழுத்திவிட வேண்டும். ஊதுகிறவன் அப்போது மனசில் எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது, ஏனென்றால் மனசில் இருப்பது மூச்சோடு போய்விடும். சுள்ளியின் அப்பா இளவயதில் பல் வலியோடு ஒரு துணிக்கடையின் கண்ணாடிப் பெட்டியை ஊதி மூடினார். அந்தப் பெட்டிக்குள் நின்ற பொம்மைக்கு இன்றைக்கும் ஒரு கன்னம் வீங்கித்தான் இருக்கிறது. கடைக்காரர் அந்தக் கன்னத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறார்.

கூடத்தை மூடிய அன்று பந்தல், ஒலிபெருக்கி, நாற்காலிகள் எல்லாம் இருந்தன. ஏழு பேரும் கை அசைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். இயக்குநர் சிமெண்ட் கம்பெனிக்கு நன்றி சொன்னார், கருவி செய்தவர்களுக்குச் சொன்னார், வானிலைக்கும் சொன்னார். புகைப்படம் எடுக்க வந்தவன் நிமிர்ந்து பார்த்து, "அந்த ஏணியையும் ஏணியில இருக்கற ஆளையும் கொஞ்சம் எடுங்கப்பா, படத்துல விழுது," என்றான். அந்த நேரம் பார்த்து சுள்ளியின் வாய் துளையில் இருந்தது. தலைமையாசிரியர், குமாஸ்தா, மேசைக்குப் பின்னால் இருந்த மூவர், இப்போது இந்தப் படக்காரன், எல்லோரும் வரிசையாக அந்த ஊசித் துளைக்குள் போனார்கள். மூச்சு திரும்பி வந்து உதட்டைத் தொட்டது, சுட்டது. பழக்கத்தில் கட்டைவிரல் மக்கை அழுத்திவிட்டது. ஏணியிலிருந்து இறங்கி வந்தவள் படக்காரனிடம், "நல்லா விழுந்துதாண்ணே?" என்று கேட்டாள். கீழே நின்ற அப்பா நிமிர்ந்து அந்தக் கடைசி மூட்டின் பக்கம் பார்த்தார்.

அதற்குப் பிறகு அவளுக்குக் கோபம் வரவில்லை. முதலில் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது. அத்தை ஒரு வரன் கொண்டுவந்தாள்; மாப்பிள்ளைக்குச் சொந்தமாக இரும்புக்கடை, கல்யாணத்துக்கு அப்புறம் பெண் வேலைக்குப் போகக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை. "சரி" என்றாள் சுள்ளி. அத்தைக்கே தூக்கிவாரிப் போட்டது. சுள்ளி கத்தினால் பதிலுக்குப் பதில் பேச அவள் ஒரு வாரமாகத் தயாராகி வந்திருந்தாள். "என்னடி, உடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது.

சுள்ளி, தொலைந்த சாவியைத் தேடுவது மாதிரி கோபத்தைத் தேடினாள். எங்கே போயிருக்கும் என்று அறிந்துகொள்ளும் ஆசைதான் அவளுக்கு இருந்தது, வருத்தம்கூட இல்லை. வேண்டுமென்றே வரிசையில் நின்று, முன்னால் புகுந்தவனுக்கு இடம் விட்டுப் பார்த்தாள். ஒரு வேலையும் இல்லாமல் அரசு அலுவலகத்துக்குப் போய், நாளைக்கு வா என்று அவர்கள் சொல்லும்வரை உட்கார்ந்திருந்தாள், மறுநாளும் போனாள். தலைமையாசிரியரைத் தேடிப் போய் எதிரிலேயே நின்றாள். அவர் அடையாளம் தெரியாமல், "யாரும்மா?" என்றார். "உங்க பழைய மாணவி சார், சும்மா பாக்க வந்தேன்," என்று பழம் கொடுத்துவிட்டு வந்தாள். அன்று மட்டும் அவளுக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

உள்ளே நடந்தது வேறு. மூடிய இரண்டாம் மாதம் தேனீக்கள் ஒன்று விடாமல் செத்தன. தக்காளி பூத்தது, உதிர்ந்தது. கத்தரி பூத்தது, உதிர்ந்தது. தக்காளிப் பூவை யாராவது பிடித்து உலுக்கினால்தான் அதன் மகரந்தம் கொட்டும். உலுக்கத் தேனீ இல்லை, காற்றும் இல்லை. ஏழு பேரும் கையால் உலுக்கிப் பார்த்தார்கள், மெத்தப் படித்த கைகள், செடிக்கு உறைக்கவில்லை. பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டே வந்தார்கள். அப்படி ஒரு நாள், ஏழு பேரில் பாத்திகளைப் பார்த்துக்கொள்ளும் தோட்டக்காரி குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தபோது, பொழுது போகாத ஒருவர் பக்கத்தில் நின்று, "உங்க அப்பா என்ன பண்றார்?" என்று பேச்சுக் கொடுத்தார். கடைசி மூட்டு இருந்த மூலையிலிருந்து காற்று புறப்பட்டது. அவர் தொப்பியைக் குளத்தில் எறிந்தது, நாலு கதவுகளை அறைந்து சாத்தியது, தக்காளிச் செடி ஒவ்வொன்றையும் சட்டையைப் பிடிப்பது போலப் பிடித்து உலுக்கியது. அந்த வாரம் எல்லாப் பூவும் பிஞ்சு வைத்தது. அதிலிருந்து தினமும் காலையில் முறை போட்டுக்கொண்டு, ஒருவர் பாத்தியில் நின்று அதே கேள்வியைக் கேட்பதும் மற்றவர்கள் தட்டுமுட்டுகளைப் பிடித்துக்கொள்வதும் வேலையாயிற்று. இயக்குநரிடம் அதைக் 'காற்றோட்டப் பயிற்சி' என்று சொல்லிவைத்தார்கள்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது மூட்டுகளைச் சோதிக்க அப்பாவைக் கூப்பிட்டார்கள். சுள்ளியும் போனாள். பார்க்க வருகிறவர்கள் பேச, கண்ணாடியின் இரு பக்கமும் ஒவ்வொரு தொலைபேசி மாட்டியிருந்தது. சுள்ளி வெளியே ஒன்றை எடுக்க, உள்ளே எடுத்தவள் தோட்டக்காரி. அவள் முதுகுக்குப் பின்னால் யாரோ அந்தக் கேள்வியைக் கேட்பது சுள்ளிக்குக் காதில் விழுந்தது. செடிகள் தலைவிரித்து ஆடுவது கண்ணில் பட்டது. பிரிந்து போன சொந்தத்தைக் கூட்டத்தில் பார்த்தால் தெரிவது போலத் தெரிந்துவிட்டது.

"அக்கா, அந்தக் காத்து என்னோடது."

தோட்டக்காரி சிரிக்கவில்லை. "யாரோடதோ இருக்கும்னு தெரியும்மா. ஒரு நாளைக்கு வந்து கேப்பாங்கன்னும் தெரியும். எடுத்துட்டுப் போயிடாத. அது இல்லேன்னா நாங்க ஏழு பேரும் பட்டினி."

"அது இல்லாம நான் எல்லாத்துக்கும் சரி சரின்னு சொல்லிட்டு இருக்கேன். அடுத்த வாரம் மேடையில ஏறி உக்காந்துடுவேன் போல."

"மாப்பிள்ளை எப்படி?"

"இரும்புக்கடை. என் சர்டிபிகேட்டைப் பத்திரமா உள்ள வைக்கச் சொல்லியிருக்கார்."

தோட்டக்காரி பின்னால் திரும்பித் தன் பாத்திகளைப் பார்த்தாள். "எடுத்துக்கோ," என்றாள். "ஆனா எங்களை மறந்துடாத."

அப்பா மேலே ஏறவில்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து ஊசியை எடுத்து நீட்டினார். "அன்னிக்கே சொல்லியிருக்கணும். வீடு கொஞ்சம் அமைதியா இருக்கேன்னு விட்டுட்டேன்," என்றார். சுள்ளி ஏறினாள், காய்ந்த மக்கைக் குத்தினாள், வாயை வைத்து உறிஞ்சினாள். வந்தது. தலைமையாசிரியர் வந்தார், குமாஸ்தா வந்தார், மூவர் வந்தார்கள், படக்காரன் ஏணியைத் தள்ளிக்கொண்டு வந்தான். எல்லோர்மேலும் தக்காளி இலையின் வாசனை ஏறியிருந்தது. உள்ளே ஒரு இலைகூட அசையவில்லை. அவள் துளையில் மக்கை வைத்துக் கட்டைவிரலால் அழுத்திவிட்டு இறங்கி, நேராக வீட்டுக்கு நடந்தாள். அங்கே மாப்பிள்ளை வீட்டார் கல்யாண ஏற்பாடு பேச வந்திருந்தார்கள். அவள் என்ன பேசினாள் என்பதை இருந்தவர்கள் யாரும் முழுதாகத் திருப்பிச் சொன்னதில்லை. கல்யாணம் நின்றது, அத்தை மூர்ச்சை போட்டு விழுந்தாள், அந்தத் தெருவில் பாதி வீடுகளின் ஜன்னல் விரிசல் விட்டது. அப்பா பத்து நாள் வாயெல்லாம் பல்லாக வேலை பார்த்தார்.

கூடத்துக்குள் பூ மறுபடி உதிர ஆரம்பித்தது. சுள்ளி திரும்பிப் போனாள். அவளுக்கு ஞாபகமறதி கிடையாது, கோபக்காரர்களுக்கு அது வாய்ப்பதில்லை. இயக்குநர் எல்லாவற்றையும் அவள் வாயால் முதல்முறையாகக் கேட்டார், தோட்டக்காரியிடம் தொலைபேசியில் ஒரு முறை உறுதி செய்துகொண்டார், பிறகு குரலைத் தணித்து, வேண்டுமானால் விதியைத் தளர்த்தி அவளை எட்டாவது ஆளாக உள்ளே அனுப்பலாம் என்றார். போன வருஷம் அவள் உயிரை விட்டுக் கேட்டது அதைத்தான்.

"உள்ள வந்துட்டா எனக்குக் கோபம் எங்கிருந்து சார் வரும்? சரக்கு பூரா வெளியிலதான இருக்கு," என்றாள். "நான் இங்கதான் இருப்பேன். எனக்கு ஒரு ரூம் வேணும், கதவுல பதவிப் பேர் வேணும், ஏணி என்னோடதா இருக்கணும். பழைய கோபத்தைத் தர மாட்டேன், அது எனக்கு வேணும். தினமும் புதுசு தர்றேன்."

"தினமும் அவ்வளவு கிடைக்குமாம்மா?" என்று இயக்குநர் உண்மையான சந்தேகத்தோடு கேட்டார்.

சுள்ளி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நான் பஸ்ல வர்றேன் சார்," என்றாள்.

அன்றிலிருந்து அவள் காலையில் டிப்போவில் இறங்கி, யாரிடமும் பேசாமல், வாயை மூடிக்கொண்டு மேட்டில் ஏறி வருவாள். வழியில் சிந்திவிடக் கூடாது. ஏணியில் ஏறி, அன்றைக்கு உள்ளதை ஊதி, மக்கை அழுத்திவிட்டுத் தன் அறைக்குப் போய்விடுவாள். இரண்டு வருஷம் முடிந்து அந்த ஏழு பேர் கன்னம் உப்பி வெளியே வந்தார்கள், வேறு ஏழு பேர் உள்ளே போனார்கள். அவள் விடுப்பில் இருந்தால் அவள் வீதியிலிருந்து யாராவது ஒரு பெண் வந்து தன் கோபத்தை ஊதிக் கொடுப்பாள். ஆள் கிடைக்கவில்லை என்ற பேச்சே ஒரு நாளும் எழவில்லை. எப்போதாவது பஸ் காலியாக வந்து, கண்டக்டர் சிரித்துப் பேசி, சுள்ளி வெறும் வாயோடு வந்து நிற்பதுண்டு. அப்போது இயக்குநருக்குச் சொல்லி அனுப்புவார்கள். அவர் செய்துகொண்டிருக்கும் வேலையை விட்டுவிட்டு வந்து, ஏணியின் கீழே நின்று, அண்ணாந்து, "உங்க அப்பா என்ன பண்றார்?" என்று கேட்டுவிட்டுப் போவார். பலகையையும் திருத்தி எழுதிவிட்டார்கள்: 'வெளியிலிருந்து ஒரு பெண்ணின் மூச்சைத் தவிர எதுவும் உள்ளே போவதில்லை.' பள்ளிக்கூடத்திலிருந்து வரும் பிள்ளைகள் அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, தக்காளி எந்தப் பக்கம் என்று கேட்கிறார்கள்.