முப்பத்தேழாவது வாக்குத்தத்தம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நாலாம் வருஷம் ஜனவரி முதல் தேதி, கர்த்தர் சொல்லாத ஒன்றைக் கர்த்தர் சொன்னதாக நான் சபையில் வாசித்தேன். தெரிந்தேதான் வாசித்தேன். சபையார் எனக்கு ஒரு மாலையும் இரண்டு வாழைப்பழமும் தந்தார்கள். பழத்தையும் தின்றேன்.

சதுரங்கப்பட்டினத்துக்கு மேற்கே, கால்வாயைத் தாண்டி, இருபத்தாறு கிறிஸ்தவக் குடும்பங்கள் இருந்த குடியிருப்புக்கு நான் உபதேசியார். மாதத்துக்கு ஒருமுறை செங்கல்பட்டிலிருந்து வரும் குருவானவருக்கு ஒரு படி கீழே, கோயில் மணி அடிக்கிறவருக்கு அரைப்படி மேலே. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம், மற்ற நாட்களில் பிள்ளைகளுக்குப் பாடம், யாராவது செத்தால் குழி ஆழமாக இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பது, இவ்வளவுதான் என் உத்தியோகம்.

புது வருஷத்துக் காலை ஆராதனை முடிந்ததும் ஒரு தட்டில் வாக்குத்தத்தச் சீட்டுகளைக் கவிழ்த்து வைப்பது எங்கள் வழக்கம். ஒவ்வொருவராக வந்து, கண்ணை மூடி ஜெபித்து, ஒன்றை எடுப்பார்கள். எடுத்த வசனம் அந்த வருஷத்துக்குக் கர்த்தர் அவருக்குத் தனியாகத் தந்த வாக்கு. வீட்டில் கஞ்சித்தண்ணீர் தடவிச் சுவரில் ஒட்டிவிடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் சீட்டை என்னிடம் நீட்டுவார்கள். நான் உரக்க வாசிப்பேன். சபை ‘ஆமென்’ என்னும்.

அச்சடித்த சீட்டுக்கட்டு அந்த வருஷமும் மதராஸிலிருந்து ஒழுங்காகத்தான் வந்தது. நான்தான் அதை பஸ்ஸில் விட்டுவிட்டு இறங்கிவிட்டேன். பக்கத்து சீட்டுக்காரரோடு கத்தரிக்காய்ச் சொத்தையைப் பற்றி அவ்வளவு தீவிரமாகப் பேசிக்கொண்டு வந்தேன். ஆகவே முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் உட்கார்ந்து, பழைய காலண்டர் தாள்களை வெட்டி, நாற்பது வசனங்களைக் கைப்பட எழுத ஆரம்பித்தேன். முப்பத்தாறு வரை எல்லாம் சத்திய வேதம். முப்பத்தேழில்தான் வழுக்கினேன்.

அப்போது என் மனைவி சலோமி வீட்டில் இல்லை. அவள் ஆசையாக வளர்த்த கோழியை அவளைக் கேட்காமல் குருவானவருக்குக் குழம்பு வைக்கக் கொடுத்துவிட்டேன் என்று கோபித்துக்கொண்டு வாலாஜாபாத்தில் தாய்வீட்டுக்குப் போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. என் கை வலித்தது. நானே வைத்த ரசம் வயிற்றைக் கலக்கியது. பேனா தானாக எழுதிற்று: “வாசலை விட்டுப் போனவர்களை அறுப்பு முடியுமுன்னே வாசலிலே கொண்டுவந்து நிறுத்துவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார்.”

எழுதியதைப் படித்துப் பார்த்தேன். வேதத்தில் இருக்க வேண்டிய வசனம்தான், எப்படியோ விட்டுப்போயிற்று என்று தோன்றியது.

அதை நானே எடுத்துக்கொள்வதாகத்தான் எண்ணம். தட்டின் ஓரமாகச் செருகி வைத்தேன். கடைசி ஆளாக ஆராயி வந்தாள். ஞானஸ்நானத்தில் ரெபேக்காள் என்று பெயர் வைத்திருந்தோம், ஒருவரும் அப்படிக் கூப்பிடவில்லை, நான் உட்பட. அவள் எப்போதும் கடைசியில்தான் வருவாள். அவள் புருஷன் சடையப்பனுக்குப் பெருவியாதி, குஷ்டம். செங்கல்பட்டுப் பக்கத்துப் பெருவியாதி ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டு வருஷம். அன்றிலிருந்து கோயிலில் அவளுக்கு முன்னும் பின்னும் ஒரு பாய் அகலம் காலியாக இருக்கும். விசுவாசிகள்தான் நாங்கள். இருந்தாலும் பயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா.

தட்டில் இரண்டு சீட்டு இருந்தது. ஆராயி கண்ணை மூடி நீண்ட நேரம் ஜெபித்தாள். பிறகு ஓரத்தில் இருந்ததை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

என் கையெழுத்து என்னைப் பார்த்துச் சிரித்தது. வேறு எதையாவது மாற்றி வாசித்திருக்கலாம், நூறு வசனம் மனப்பாடம் எனக்கு. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டேன். வாசித்தேன்.

சபை ‘ஆமென்’ சொல்லவில்லை. எல்லோரும் ஆராயியைத் திரும்பிப் பார்த்தார்கள். மூப்பர் ஒருவர் மட்டும், “எந்தப் புஸ்தகத்துல கீது அது?” என்றார். யாரும் புரட்டிப் பார்க்காத ஒரு சின்னத் தீர்க்கதரிசியின் பெயரைச் சொன்னேன். அவர் தலையாட்டினார். அவர் மட்டும் புரட்டியிருக்கிறாரா என்ன.

பொங்கலுக்குள் சலோமி திரும்பி வந்துவிட்டாள். என் விஷயத்தில் வசனம் உடனே பலித்தது என்பதுதான் இதில் கொடுமை.

மாசி மாதம் ஆராயியின் அண்ணன் அருணகிரி மாட்டுவண்டியோடு வந்தான். திருக்கழுக்குன்றத்துக்கு அந்தப் பக்கம் ஊர். அவர்கள் வீட்டில் இவள் ஒருத்திதான் வேதத்துக்கு வந்தவள். தங்கைமேல் உயிர் அவனுக்கு. அதனால்தான் அவ்வளவு சத்தம்.

“ஒரு குடம் தண்ணி எடுக்க உட்றானுங்களா உன்ன இந்த ஊர்ல? வேலைக்குக் கூப்ட்றானுங்களா? அவன் வரப் போறதில்ல. வந்தாலும் உருப்படியா வரமாட்டான். தாலிய அறுத்துட்டு வேற கட்டிக்கறது நம்ப ஜனத்துல புதுசா? மாம்பாக்கத்துல ஒரு எடம் பாத்து வச்சிகீறேன். நல்லவரு. ஏறு வண்டியில.”

“அண்ணாத்த, நவரை அறுப்பு முடியட்டும்.”

“அறுப்புக்கும் இதுக்கும் இன்னா?”

“கர்த்தர் சொல்லிகீறாரு. அறுப்புக்குள்ள வந்துருவாரு. வரலைன்னா நீ சொன்ன எடத்துக்கு வரேன். சத்தியம்.”

இதை அவளே வந்து என்னிடம் சந்தோஷமாகச் சொன்னாள். “தேதி போட்டுக் குடுத்துட்டாரு பாத்தியா உபதேசியாரே. அதனால தைரியமா வாக்குக் குடுத்துட்டேன்.”

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய செய்தி என்று புரியும்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் கோதண்டராமன் பொறுமைசாலி. நவரை நெல் அறுப்பு சித்திரையில் வரும். சடையப்பனைச் சித்திரைக்குள் அனுப்பிவிட முடியுமா என்று கேட்டேன்.

“புது மாத்திரை நல்லா வேலை செய்யுது. ஆனா தோலைச் சீவிப் பார்க்கிற பரிசோதனை தொடர்ந்து சுத்தமா வரணும். இன்னும் ஒரு வருஷம், ஒண்ணரை வருஷம். சித்திரைன்னு யார் சொன்னது?”

“கர்த்தர்,” என்றேன் மெல்லிய குரலில்.

“அப்படியா. இங்கே டிஸ்சார்ஜ் சீட்டு எழுதறது நான்தான். என்கிட்ட ஒண்ணும் சொல்லலையே,” என்றார். கிண்டலாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் சுட்டது.

பங்குனி போயிற்று. சித்திரையில் நவரை அறுத்துக் களத்துக்கு வந்தது. நான் தினமும் காலையில் சொல்லிவிடுவது என்று எழுந்து, சாயங்காலம் நாளைக்குச் சொல்லலாம் என்று படுத்தேன். கடைசியில் சலோமியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

“என் ஞாபகத்துல எழுதினீங்களாக்கும்.”

“ஆமாம்.”

“அந்த ஒண்ணுக்காகத்தான் சும்மா உட்றேன். எழுந்துபோய் அவகிட்ட சொல்லிட்டு வாங்க. நாளைக்கு அவ அண்ணன் வண்டி வருது.”

களத்தில் எல்லோரும் போன பிறகு, ஓரத்தில் ஆராயி தனியாகப் பதர் தூற்றிக்கொண்டிருந்தாள். மற்றவர்களோடு சேர்ந்து கதிர் அடிக்க அவளை விடமாட்டார்கள், மிச்சம் மீதியைப் புடைத்து எடுத்துக்கொள்ளலாம். நான் தொண்டையைச் செருமினேன். பிரசங்கத்துக்கு முன்னால் செருமுவது போல இருந்ததால் நிறுத்திவிட்டு, நேராகச் சொன்னேன். சீட்டு பஸ்ஸில் போனது, கோழி, ரசம், முப்பத்தேழு எல்லாம்.

அவள் கை நின்றது.

“கர்த்தர் சொல்லலையா?”

“இல்லம்மா. நான்தான்.”

“சின்னத் தீர்க்கதரிசின்னியே?”

“அவரும் சொல்லலை.”

முறத்தை எடுத்து மறுபடி புடைக்க ஆரம்பித்தாள். தூசி என் முகத்தில் அடித்தது. நகரலாமா கூடாதா என்று தெரியவில்லை, தும்மிக்கொண்டே நின்றேன். முறத்தை நிறுத்தாமலே கேட்டாள்.

“அப்போ நெஜமா அவரு இன்னாதான் சொல்லிகீறாரு?”

“கூடவே இருப்பேன்னு சொல்லியிருக்கார். கைவிடமாட்டேன்னு பல இடத்துல சொல்லியிருக்கார். எப்போ, என்னைக்குன்னு தேதி போடறதில்லை.”

“தேதி இல்லாம நான் இன்னா பண்றது?”

“காத்திருக்கணும்.”

“ரெண்டு வருசமா வேற இன்னா பண்ணிகினு கீறேன் நானு?” என்றாள். முதல்முறையாக அவள் குரல் உடைந்தது. “போ உபதேசியாரே. போய்டு. அழுகையில உன்ன ஏதாச்சும் சொல்லிருவேன்.”

போனேன். மறுநாள் விடியும்போதே அருணகிரியின் வண்டி அவள் குடிசை வாசலில் நின்றது. நானும் போய் நின்றேன். ஆராயி ஒரு மூட்டையோடு வெளியே வந்தாள்.

“இன்னா, வந்துட்டானா உம் புருசன்?” என்றான் அருணகிரி. “உங்க சாமி சொன்ன சொல்லு இன்னா ஆச்சு?”

“சாமி சொல்லலை. நான் சொன்ன பொய் அது,” என்றேன் நான்.

அருணகிரி என்னை மேலும் கீழும் பார்த்தான். “இதுக்குச் சம்பளம் வேற குடுக்குறாங்களா உனக்கு?”

சம்பளம் கொடுக்கிறார்கள்தான்.

“அண்ணாத்த, அவர உடு,” என்றாள் ஆராயி. “அவரு சொன்னது பொய்யா இருக்கலாம், நான் குடுத்த வாக்கு நெஜம். ஏறுறேன். ஆனா வண்டிய மொதல்ல செங்கல்பட்டுக்கு ஓட்டு. என்னைக் கட்டினவரு உசுரோட கீறாரு. அவர் மூஞ்சியப் பாத்து, உன் பொண்டாட்டிய வேற எடத்துல குடுக்கப் போறேன்னு நீயே உன் வாயால சொல்லு. அப்புறம் எங்க வேணா வரேன்.” என் பக்கம் திரும்பினாள். “நீயும் ஏறு. பொய் சொன்ன ஆளு வர வேணாமா?”

வைக்கோல்மேல் நான், முன்னால் அருணகிரி, நடுவில் அவள். ஆராயி இரண்டு வருஷமாகப் புருஷனைப் போய்ப் பார்த்ததில்லை. வரவேண்டாம், உனக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று அவன்தான் சொல்லி அனுப்பியிருந்தான். அவன் சொல்லைத் தட்டுவது அன்றுதான் முதல்தடவை.

ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தவர்களுக்கென்று ஒரு வேப்பமரம் இருந்தது. சடையப்பன் காய்கறிப் பாத்தியிலிருந்து வந்தான். உடம்பு தேறியிருந்தது. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, பத்தடி தள்ளியே நின்றுவிட்டான். ஆராயியைப் பார்த்தான். பிறகு மண்ணைப் பார்த்தான்.

“மாப்ள,” என்றான் அருணகிரி. துண்டை எடுத்து உதறினான், மறுபடி போட்டுக்கொண்டான். “மாப்ள, இன்னான்னா…”

“புரியுது மச்சான்,” என்றான் சடையப்பன். “இட்டுகினு போ. நான் குத்தம் சொல்லமாட்டேன். இவ ஒருத்தியாவது நல்லா இருக்கட்டும். நானே சொல்லி அனுப்பலாம்னு இருந்தேன். மனசு வரல.”

அருணகிரி மரத்தைப் பார்த்தான். நான் செருப்பைப் பார்த்தேன். இந்த இடத்தில் ஜெபிப்பது என் வேலை. வாயைத் திறந்தேன். என்னிடம் இருந்த அழகான வார்த்தைகளில் ஒன்றுகூட அன்று வெளியே வர இஷ்டப்படவில்லை.

ஆராயி அந்தப் பத்தடியையும் நடந்து போய் அவன் பக்கத்தில் நின்றாள். முந்தானையைத் தலையில் இழுத்துக்கொண்டாள். சபையில் அவள் வாய்விட்டு ஜெபித்ததே இல்லை, யாரும் கேட்டதும் இல்லை.

“ஆண்டவரே, உபதேசியாரு உன் பேர்ல பொய் சொல்ட்டாரு. அது உங்க ரெண்டு பேருக்குள்ள கீற விசயம், நீயே பாத்துக்கோ. இவரு எப்ப வூட்டுக்கு வருவாருன்னு இனிமே நான் கேக்கமாட்டேன். கேட்டு கேட்டு உனக்கும் பேஜாரு, எனக்கும் பேஜாரு. ரெண்டு வருசமா ஊர்ல ஒருத்தர்கூட என் வாசப்படிய மிதிக்கல. நீ மட்டும்தான் வந்துகினு கீற. அது எனக்குத் தெரியும். அதனால நான் எங்கியும் போகல. என்னை யாராச்சும் இட்டுகினு போனா, நீ பாத்துகினு சும்மா இருக்காத. எங்க அண்ணாத்த நல்லவரு. அவருக்கும் மனசு கஷ்டம். அவ்ளோதான். ஆமென்.”

சடையப்பன் ‘ஆமென்’ என்றான். பின்னால் கட்டியிருந்த கை எப்போது முன்னால் வந்தது என்று நான் கவனிக்கவில்லை. மடங்கிப்போன இரண்டு விரல்களோடு அது அவள் மூட்டையை வாங்கிக்கொண்டிருந்தது.

அருணகிரி வண்டிக்குப் போய் மாடுகளை அவிழ்த்து வைக்கோல் போட்டான். முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் அவற்றைத் தட்டிக்கொடுத்தான். திரும்பி வந்தபோது குரல் கொஞ்சம் கரகரப்பாக இருந்தது.

“மாம்பாக்கத்துக்காரன்கிட்ட நான் இன்னா சொல்றது இப்போ?” என்றான் பொதுவாக. பிறகு, “மாப்ள, மாசத்துல ஒருதரம் நெல்லு ஏத்திகினு நான் இந்தப் பக்கம் வருவேன். இவ குடிசையாண்ட போய் இவளையும் ஏத்திகினு வரேன். வேணாம்னு சொல்லாத, இவ கேக்கமாட்டா,” என்றான்.

ஆராயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“இன்னா உபதேசியாரே, நீ மட்டும் ஆமென் சொல்லல. ஜெபத்துல எதாச்சும் தப்பு கீதா?”

“இல்லம்மா,” என்றேன். “ஆமென்.”