வேலியில் செருகிய மட்டை

“எடியே, அந்த மட்டை ஆருக்கு? நாய்க்கோ, உனக்கோ?”

புளியங்கூடலில், வேலிகளுக்கு நடுவே போகும் ஒழுங்கையின் முகப்பில் சைக்கிளை நிறுத்தி அன்ரனிட்டா அப்படிக் கேட்டபோது வினோஜா உள்ளே போகாமல் நின்றுகொண்டிருந்தாள். கையில் பனைமட்டை இருந்தது.

இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். நாய் கடித்து ஊசி போட்ட பிறகு வினோஜா பயத்தில் பள்ளிக்கூடம் போகவே இல்லை. அன்ரனிட்டா படிப்பு முடித்துத் தாயோடு மீன் விற்றாள். இப்போது ஒழுங்கையின் மறுமுனையிலிருந்த பனைவேலை நிலையத்தில் வினோஜாவுக்குப் பெட்டி இழைக்கும் வேலை கிடைத்திருந்தது. இன்னொருமுறை பிந்தினால் அந்த இடம் வேறொருத்திக்கு என்று சொல்லிவிட்டார்கள். இடையில், சத்தியபாமா அக்கா வீட்டு வாசலில், கறுவல் என்ற கறுப்பு நாய் படுத்திருந்தது.

“அது கடிக்காது பிள்ளை,” என்றார் சத்தியபாமா.

“கடிக்கமாட்டனெண்டு எழுதித் தந்ததோ அக்கா?” என்றாள் அன்ரனிட்டா. வினோஜாவுக்கு அப்படிக் கதைக்க வாய் வராது.

அன்ரனிட்டா அவள் பக்கம் திரும்பினாள். “இந்த ஒழுங்கையிலை எல்லாரும் மட்டையாலைதான் கறுவலுக்கு அடிக்கிறவை. அது உன்னைக் கண்டு குரைக்கேல்லை, மட்டையைக் கண்டு குரைக்குது. வேலியிலை செருகிப்போட்டு வா. கையைத் தொங்கவிடு. ஓடாதை.”

“எனக்கு ஏலாது.”

“ஏலாதெண்டா நில். நீ நிண்டா அதுவும் நிக்கும்.”

அன்றுமுதல் மீன்பெட்டி கட்டிய சைக்கிளை உருட்டிக்கொண்டு அவள் கூடவே நடந்தாள். மீன் வாசத்துக்குக் கறுவல் வாலாட்டிக்கொண்டு பின்னால் வந்தது. முதலில் வினோஜா அவளுடைய சட்டையைப் பிடித்தாள். பிறகு சைக்கிள் கரியரைப் பிடித்தாள். பிறகு எதையும் பிடிக்கவில்லை. நன்றி சொல்ல நினைக்கும்போதெல்லாம் வெட்கம் வந்து நாக்கைக் கட்டியது.

ஒருநாள் காலை அன்ரனிட்டாவைக் காணவில்லை. வினோஜா முகப்பில் காத்து நின்றாள். ஊர்காவற்றுறைத் தேவாலயப் பக்கம் வெடி கொளுத்தும் சத்தம் கேட்டபோதுதான் அவளுக்கு நினைவு வந்தது. இன்று அந்தோனியார் பெருநாள். ஒருவரும் கடலுக்குப் போயிருக்கமாட்டார்கள். அன்ரனிட்டா பூசையில் நிற்பாள். பெருநாளுக்குத் தைத்த நீலச் சட்டையைப் பற்றி நேற்று வழிநெடுகச் சொன்னாளே! சைவ வீட்டுப் பிள்ளையான வினோஜா சட்டையின் நிறத்தை மட்டும் மனதில் வைத்து, பெருநாள் இன்றென்பதை மறந்துபோனாள்.

நேரம் போய்க்கொண்டிருந்தது. முதல் நாள் அவள் செருகிய மட்டை வேலியில் அப்படியே இருந்தது. வினோஜா அதைப் பார்த்தாள். எடுக்காமல் நடந்தாள்.

கறுவல் எழும்பிக் குரைத்தது. அவள் நின்றாள். அதுவும் நின்றது. கையைத் தொங்கவிட்டு, மூச்சை மெல்ல விட்டாள். கறுவல் கிட்ட வந்து, மீன் வாசமில்லாத அந்தக் கையை முகர்ந்தது. ஈரமூக்கு விரலில் பட்டது. அவள் ஓடவில்லை. அடுத்த அடியை வைத்தபோது அது பக்கத்திலேயே நடந்து வந்தது. நிலையத்துப் படலைக் கதவு இன்னும் பூட்டப்படவில்லை.

படலையில் கை வைத்துத் திரும்பிப் பார்த்தாள். ஒழுங்கை முகப்பில் நீலச் சட்டை. அன்ரனிட்டா பூசை முடிய முன்னரே ஓடி வந்திருக்கிறாள். சைக்கிளில் இருந்தபடி, ஒரு காலை நிலத்தில் ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

வினோஜாவின் கண் நிறைந்தது. வெறுங்கையை உயர்த்திக் காட்டினாள்.

அன்ரனிட்டா அந்தக் கையைப் பார்த்தாள். வினோஜாவின் காலடியில் இருந்த கறுவலைப் பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டே சைக்கிளைத் திருப்பி, மிச்சப் பூசைக்குப் போய்விட்டாள்.