தவளைவாய்க் கவசமும் மாப்பிள்ளையும்

எங்கள் குடும்பத்து ஆண்கள் ஐம்பது வயதானதும் தவளைவாய்த் தலைக்கவசம் போட்டுக்கொள்வார்கள். பிறகு கழற்றுவதில்லை.

பதினைந்தாம் நூற்றாண்டில் ஐரோப்பிய வீரர்கள் குதிரைமேல் ஈட்டிப்போட்டி ஆடும்போது அணிந்த கவசம் அது. கண்ணுக்கு மேலாக ஒரு நீள இடுக்கு. முன்னால் குனிந்தால் எதிராளி தெரிவான். நிமிர்ந்தால் ஒன்றும் தெரியாது, முகம் தப்பிக்கும்.

எங்களுடையது நகல். ஆனால் மிகப் பழைய நகல். பக்கத்துத் தெருக்காரர்களுடையது நகலின் நகல். அந்தத் தெருவுக்கு நாங்கள் பெண் கொடுப்பதில்லை.

எங்களில் யாரும் யாருக்கும் குனிந்ததில்லை. ஆகவே மூன்று தலைமுறையாக எதையும் பார்த்ததில்லை. கூரைகளைப் பற்றி எங்களுக்கு நல்ல ஞானம் உண்டு.

என் மகள் கோமுவுக்குத் திருநெல்வேலியில் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையைப் பார்த்து நான் சம்மதம் சொன்னால்தான் தட்டு மாற்றுவார்கள். மண்டபத்தின் நடுவில் நிமிர்ந்து நின்றேன். மின்விசிறி நன்றாக இருந்தது.

கோமு அருகில் வந்தாள். "அப்பா, மாப்பிள்ளை குதிரைப்பா."

"எந்த ஊர்க் குதிரை?"

மாப்பிள்ளையின் தாய்மாமன் ஆவுடையப்பன் முந்திக்கொண்டார். "கவர்மெண்டு குதிரை, அண்ணாச்சி. போலீஸ்ல வேலை. பென்சன் உண்டு."

"எனக்குப் பிடிச்சிருக்குப்பா" என்றாள் கோமு. "ஒரே ஒரு தடவை குனிஞ்சு பாத்துட்டுச் சரின்னு சொல்லுங்க. இல்லேன்னா கெளம்பிருவாங்க."

"நானா? குனியவா?"

"அப்போ மாப்பிள்ளையை மேல தூக்கிக் காட்டுவோமா?" என்றார் ஆவுடையப்பன்.

"ஃபேன்ல அடிக்கும் மாமா" என்றது மாப்பிள்ளை.

கூடிப் பேசினார்கள். என்னையே சாய்ப்பது என்று முடிவாயிற்று. முதுகு வளையாது. ஆகவே அது குனிந்த கணக்கில் வராது. என் மைத்துனர்கள் பீரோவைச் சாய்ப்பதுபோல் என்னை முன்னால் சாய்த்தார்கள். விசிறி மறைந்தது. சுவர் வந்தது.

"இன்னும் கொஞ்சம்" என்றேன்.

"பந்தி போட்டாச்சு!" என்று யாரோ கத்தினார்கள்.

மைத்துனர்கள் போய்விட்டார்கள்.

நான் விறைப்பாகவே விழுந்தேன். மண்டபம் முழுவதும் வெண்கலச் சத்தம் கேட்டது. இடுக்கு வழியே தரை தெரிந்தது. எதிரே நான்கு குளம்புகள். புது லாடம். முழங்கால் ஒன்றுகூட மடங்கவில்லை. மரியாதையான குடும்பம்.

பக்கத்தில் இரண்டு பாதங்கள், மருதாணியோடு. கோமுவுடையவை. இவ்வளவு பெரிதாகியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"சம்மதம்" என்றேன்.

"தூக்கி விடட்டாப்பா?"

"வேண்டாம். தட்டை இங்கன கீழ வச்சு மாத்தச் சொல்லு. நான் பாக்கணும்."