மலையேற்றம் பார்த்த பிற்பகல்

மனோர் பார்க்கில் குகதாசன் பின்னால் பாராமல் தன் வான் வண்டியின் கதவைத் திறந்தார். சைக்கிளில் வேகமாக வந்த தெஸ்ஃபாய் அதில் மோதி விழுந்து முழங்கால் சில்லை உடைத்துக்கொண்டான். எரித்திரியாவில் பிறந்து, பிரெஞ்சு அணியொன்றுக்காகச் சைக்கிள் பந்தயம் ஓடிக்கொண்டிருந்தவன் அவன். தமக்கையைப் பார்க்க லண்டன் வந்திருந்தான்.

குகதாசன் நாள் தவறாமல் ஆஸ்பத்திரிக்குப் போனார். தெஸ்ஃபாய் அவரை ஒருநாளும் குறை சொல்லவில்லை. கால் தேறியது, பழைய வேகம் திரும்பவில்லை. அணியும் அவனைக் கைவிட்டது. தமக்கை வீட்டோடு தங்கிவிட்டான்.

அடுத்த வருடம், 1994 ஜூலையில், பிரான்ஸில் நடந்த பந்தயத்தைத் தொலைக்காட்சியில் பார்க்க அவன் குகதாசன் வீட்டுக்கு வந்தான். மலையேற்றத்தில் முன்னால் போனவனைக் காட்டி, "இவனை நான் இரண்டு தரம் முந்தியிருக்கிறேன்" என்று ஆங்கிலத்தில் பெருமையாகச் சொன்னான்.

குகதாசன் எழுந்து குசினிக்குள் போனார். "அவன் என்னை ஒருக்கா ஏசியிருந்தாலும் ஆறியிருப்பன். இது தாங்க ஏலாமல் கிடக்கு" என்றார் அங்கே சமைத்துக்கொண்டிருந்த மனைவி செல்வமலரிடம்.

"தனியப் பாக்க மனமில்லாமல்தானே இஞ்சை வந்திருக்கிறான். போய்ப் பக்கத்திலை இருங்கோ" என்றாள் அவள்.

அவர் போய் இருந்தார். பந்தயம் முடியும்வரை திரையைப் பார்த்தாரே தவிர, அவன் முகத்தைப் பார்க்கவில்லை.