பூட்டு வீடு

"அத்தை, இன்னிக்கு ஒரு நாளாவது சாவியைக் குடுத்துட்டுப் போங்களேன். சின்னதுக்கு உடம்பு லேசா சுடுது. ஏதாவதுன்னா நான் யாரைத் தேடுவேன்?"

"ஏதாவதுன்னா போன் பண்ணு. சாவி உனக்கெதுக்கு? ஊர் சுத்தவா?"

மாமியார் அவசரத்தில் இருந்தாள். கண் ஆஸ்பத்திரியில் பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். தன் அறைக் கட்டிலில் போர்வையை மடித்துப் போட்டுப் புடவையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது மின்சாரம் போய்விட்டது. பாதி சுருக்கமும் பாதி மடிப்புமாகக் கட்டிக்கொண்டு, மின்சார ஆபீசைத் திட்டியபடியே வெளியே போனாள். கதவு சாத்திக்கொண்டது. சாவி வெளிப்பக்கத்தில் இரண்டு முறை திரும்பியது.

உள்ளே மருமகள் எட்டு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். காலைச் சுற்றி இன்னும் ஐந்து பேர். ஆறு பேருமே வேலைக்குப் போகிற நாலு தாய்மார்களின் பிள்ளைகள். காலை எட்டரைக்கு வந்தால் மாலை ஆறுக்குப் போவார்கள்.

அந்த மூன்று மாடிக் கட்டடத்தில் இரண்டாம் மாடியில் இருந்த இந்தக் குழந்தைகள் காப்பகத்துக்கு வாசலில் ஒரு பெயர்ப் பலகை உண்டு. அதை யாரும் படித்ததில்லை. தெருவில் எல்லோருக்கும் அது 'பூட்டு வீடு'. "பூட்டு வீட்ல விடுங்க, பயமே இல்ல. உள்ள இருந்தும் சாவி போட்டாத்தான் கதவு திறக்கும். பிள்ளை வாசல் தாண்டாது" என்று ஒரு தாய் இன்னொரு தாயிடம் சொல்லி, அப்படியே பெருகிய இடம் அது. பக்கத்துத் தெருக் காப்பகத்தில் ஒரு குழந்தை திறந்த கதவு வழியாக ரோடு வரைக்கும் நடந்து போய்விட்டதிலிருந்து, இந்தப் பூட்டுக்குக் கிராக்கி இன்னும் கூடியது.

ஒரு விஷயம் மட்டும் அந்தத் தாய்மார்களுக்குத் தெரியாது. முதலில் வந்தது பூட்டு. குழந்தைகள் அதற்கு ஒரு வருஷம் கழித்துத்தான் வந்தார்கள்.

கல்யாணமான புதிதில் ஒரு மத்தியானம், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு, யாரிடமும் சொல்லாமல் மருமகள் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம். திரும்பி வந்தபோது கதவில் புதுப் பூட்டு மின்னியது. கொத்துச்சாவி மாமியாரின் இடுப்பில் ஏறியது. 'எப்படியும் வீட்லதானே கிடக்கா, நாலு பிள்ளைங்களைப் பார்த்துக்கட்டும்' என்ற யோசனை அப்புறம் பிறந்தது. ஒருத்தியை அடைத்து வைக்கப் போட்ட பூட்டு, ஊர்ப் பிள்ளைகளின் பாதுகாப்பு என்று பேர் வாங்கிக்கொண்டது. என்ன சாமர்த்தியம் பாருங்கள்!

"சித்தி," என்றாள் நாலு வயதுக் கேள்விக்காரி. வாய் ஓயாமல் கேட்பதால் அவளுக்கு அந்தப் பெயர். "உங்க அம்மா உங்களை எப்போ இங்க விட்டாங்க?"

"நாலு வருஷமாச்சுடா."

"சாயங்காலம் கூட்டிட்டுப் போக வரவே இல்லையா?"

அவள் சிரித்துவிட்டுக் குழந்தையின் மூக்கைத் துடைத்துவிட்டாள். துடைக்க வேண்டிய மூக்குகள் இன்னும் ஐந்து இருந்தன.

அரைமணி நேரம் கழித்து மின்விசிறி சுழன்றது. குழந்தைகள் கை தட்டி ஆரவாரம் செய்தார்கள். அவளும் சேர்ந்து தட்டினாள். கொஞ்ச நேரத்தில் ஏதோ தீயும் வாடை வந்தது. அடுப்பைப் போய்ப் பார்த்தாள். அடுப்பு அணைந்துதான் இருந்தது. மாமியாரின் அறைக் கதவின் அடியிலிருந்து புகை ஊர்ந்து வந்துகொண்டிருந்தது.

கதவைத் திறந்ததும் வெப்பம் முகத்தில் அடித்தது. மின்சாரம் போன எரிச்சலில் மாமியார் சுவிட்சை அணைக்க மறந்து போயிருந்தாள். போர்வை மேல் கவிழ்ந்து கிடந்த இஸ்திரிப்பெட்டி போர்வையைத் தின்றுவிட்டு மெத்தைக்குப் போயிருந்தது. சுவரோரம் அடுக்கியிருந்த குழந்தைகளின் பஞ்சு விரிப்புகள் பற்றிக்கொண்டு கரும்புகை கக்கின. சுவிட்ச் இருந்தது கட்டிலுக்கு அந்தப் பக்கம். மெயின் சுவிட்ச் இருந்தது பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம், மாடிப்படி ஓரத்தில். மின்சாரம் ஓடும்போது தண்ணீர் ஊற்றக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும்.

அறைக் கதவைச் சாத்தி, ஈரத்துண்டைச் சுருட்டி அடியில் அடைத்தாள். ஆறு பேரையும் சமையலறைக்குப் பின்னால் இருந்த சின்ன பால்கனிக்கு அள்ளிக்கொண்டு போனாள். அங்கே காற்று வந்தது. ஆனால் இடுப்பிலிருந்து கூரைவரை இரும்புக் கம்பி. அதுவும் பிள்ளைகள் விழாமல் இருக்கத்தான் என்று சொல்லிக்கொண்டார்கள்.

மாமியாரின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. கணவன் மூன்றாவது தடவை எடுத்தான். அவன் ஒரு கம்பெனியில் வேன் ஓட்டுகிறவன்.

"என்னங்க, வீட்ல தீ! கதவைத் திறக்க முடியல!"

"தீயா? பதறாத. சாவி அம்மாகிட்ட பத்திரமா இருக்கு."

"பத்திரமா இருந்து என்னங்க பிரயோசனம்? நான் உள்ள இருக்கேன்!"

"நான் அம்மாவுக்கு போன் போட்டுப் பார்க்கிறேன். நீ ஊரைக் கூட்டிடாத."

அவள் போனை வைத்துவிட்டு ஊரைக் கூட்டினாள். வாசல் கதவைப் பூரிக்கட்டையால் அடித்து, தொண்டை கிழியக் கத்தினாள். இரவு வேலை முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த எதிர்வீட்டு நர்ஸ் எழுந்து ஓடி வந்தாள்.

"அக்கா, முதல்ல மெயினை அணைங்க!"

"அணைச்சாச்சு! கதவைத் திறம்மா!"

"சாவி இல்லக்கா!"

வெளியே நர்ஸ் கைப்பிடியைப் பிடித்து உலுக்கினாள். "உள்ள இருக்கிற உன்கிட்டயா சாவி இல்ல?"

நாலு வருஷம் எதிரெதிர் வாசல். அந்தக் கேள்வியை இன்றைக்குத்தான் ஒருத்தர் கேட்கிறார்.

நர்ஸ் படியிறங்கி ஓடினாள். இவள் குடத்தையும் வாளியையும் தூக்கிக்கொண்டு அறைக்கும் குழாய்க்குமாக அலைந்தாள். தீ அடங்கியது. புகை அடங்கவில்லை. பஞ்சு உள்ளுக்குள்ளேயே கனன்று கக்கிக்கொண்டிருந்தது. ஹாலில் கண் தெரியவில்லை. பால்கனிக்கு ஓடி, எல்லோரையும் தரையில் படுக்கச் சொல்லி, நனைத்த துணியை வாயில் வைத்தாள். எட்டு மாதக் குழந்தை அழுகையை நிறுத்திவிட்டிருந்தது. அதன் முகத்தைக் கம்பிக்கு இடையில் வைத்து, முதுகைத் தட்டித் தட்டி, "மூச்சு விடு கண்ணு, மூச்சு விடு" என்று கெஞ்சினாள்.

"சித்தி, கதவைத் திறந்தா புகை போயிடும்ல?" என்றாள் கேள்விக்காரி இருமலுக்கு நடுவில்.

நாலு வயதுக் குழந்தைக்குப் புரிகிற விஷயம்.

பக்கத்து மனையில் வேலை செய்துகொண்டிருந்த கொத்தனாரும் இன்னொருவரும் கடப்பாரையோடு வந்தார்கள். நல்ல பூட்டு, லேசில் விடவில்லை. நிலையைப் பெயர்த்துத்தான் கதவைத் திறக்க முடிந்தது. நர்ஸ் குழந்தையை வாங்கி, வாயைத் துடைத்து ஊதியதும் அது வீறிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டுத்தான் இவள் படியில் உட்கார்ந்தாள்.

ஒரு மணி நேரம் கழித்துக் கண்ணில் சொட்டு மருந்தோடு வந்த மாமியார் முதலில் பார்த்தது கதவை.

"ஐயையோ! தேக்குக் கதவாச்சே! இப்படியா உடைப்பாங்க?"

மாலையில் பிள்ளைகளைக் கூட்டிப் போக வந்த தாய்மார்களிடம் அவளே முந்திக்கொண்டு பேசினாள். "இஸ்திரிப்பெட்டி லேசா புகைஞ்சுச்சு. இவ பயந்து போய் ஊரையே கூட்டிட்டா. ரெண்டு நாள் டைம் குடுங்க. இதைவிட நல்ல பூட்டா போட்டுடறேன்."

தாய்மார்கள் பிள்ளைகளின் தலையை மோந்து பார்த்தார்கள். புகை வாடை அடித்தது. நம்பாமல் இருந்தால் நாளைக்குப் பிள்ளையை எங்கே விடுவது? ஆபீசில் லீவு கேட்டால் மேனேஜர் மூஞ்சியைத் தூக்குவான். அதனால் நம்பினார்கள். அவர்களும்தான் பாவம், என்ன செய்வார்கள்?

மூன்றாம் நாள் காலை பூட்டுக்காரர் வந்தார். கணவன் அரை நாள் லீவு போட்டுப் புதுப் பூட்டு வாங்கி வந்திருந்தான். "அதே டபுள் சாவிதான். ஆனா இதுக்குக் கடப்பாரையெல்லாம் பத்தாது" என்று பெருமையாகச் சொன்னான். எட்டரைக்குத் தாய்மார்களும் வந்துவிட்டார்கள். "உள்ள வந்து ரூமைப் பாருங்க, வெள்ளையடிச்சுப் புதுசாக்கிட்டோம்" என்று மாமியார் நாலு பேரையும் அழைத்துப் போனாள். கணவனும் பின்னாலேயே போனான். மருமகள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நர்ஸ் வீட்டு வாசலில் உட்கார வைத்தாள். எட்டு மாதக் குழந்தையை நர்ஸ் வாங்கிக்கொண்டாள்.

பூட்டுக்காரர் கடைசித் திருகை முறுக்கி, கையைத் துடைத்து, மூன்று சாவிகளையும் வாசலில் நின்றவளிடம் நீட்டினார். வீட்டுக்காரி இவள்தான் என்று அவர் நினைத்துக்கொண்டார். நியாயமாக யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

"போட்டுப் பாருங்கம்மா, வெண்ணெய் மாதிரி திரும்பும்."

சாவி உள்ளங்கையில் குளிர்ந்தது. அவள் கதவைச் சாத்தினாள். இரண்டு முறை திருப்பினாள். உண்மைதான், வெண்ணெய் மாதிரித்தான் திரும்பியது.

"அம்மா, உள்ள ஆளுங்க இருக்காங்களே!"

"தெரியும்ண்ணே."

உள்ளே காலடிச் சத்தம் கதவை நெருங்கியது. பிறகு கைப்பிடி ஆடியது. "யாரு பூட்டினது? எனக்கு எட்டே முக்காலுக்கு பஸ்!" என்று ஒரு தாய் கத்தினாள். "பிள்ளை வெளிய இருக்குங்க, கதவைத் திறங்க!" என்று இன்னொருத்தி தட்டினாள். மாமியாரின் குரல் மேலே போய்க்கொண்டே இருந்தது. "ஏய், என்ன விளையாட்டு இது?" என்று கணவன் கதவை உதைத்தான்.

"பதறாதீங்க," என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். "சாவி எங்கிட்ட பத்திரமா இருக்கு."

பூட்டுக்காரர் திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார். கேள்விக்காரி எழுந்து வந்து இவள் புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

"சித்தி, எங்க அம்மாவை யாரு கூட்டிட்டுப் போவாங்க?"

தட்டுவது நின்றது. குழந்தையின் குரல் உள்ளே கேட்டிருக்க வேண்டும்.

ஐந்து நிமிஷம் ஆனதும் அவள் கதவைத் திறந்தாள். தாய்மார்களின் முகம் வேர்த்திருந்தது. யாரும் பஸ்ஸைப் பற்றிப் பேசவில்லை. கேள்விக்காரியின் தாய் மகளை வாரித் தூக்கிக்கொண்டு, இவளை ஒரு கணம் பார்த்துவிட்டு, பூட்டுக்காரரிடம் திரும்பினாள்.

"உள்ளேருந்து சாவி இல்லாம திறக்கிற மாதிரி தாழ்ப்பாள் இருக்கா? பிள்ளைங்களுக்கு எட்டாத உயரத்துல?"

"இருக்கும்மா. இதைவிட சல்லிசு."

"அப்போ இதைக் கழட்டிட்டு அதைப் போடுங்க. இல்லேன்னா நாங்க யாரும் பிள்ளையை விடப் போறதில்ல."

மற்ற மூவரும் தலையாட்டினார்கள். கணவன் வாயைத் திறந்தான். நர்ஸ் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். மாமியார் மட்டும் பழக்கதோஷத்தில் கையை நீட்டினாள்.

"சாவியைக் குடு இங்க."

மருமகள் மூன்று சாவிகளையும் இடுப்பில் செருகிக்கொண்டாள். நர்ஸிடமிருந்து குழந்தையை வாங்கி மறு இடுப்பில் வைத்தாள்.

"வழி விடுங்க அத்தை. குழந்தைங்க உள்ள வரணும்."