அரக்கு உடைந்த உறை

"சார் லெட்டர் குடுத்தாராப்பா?" என்று கேட்டேன்.

"குடுத்தாரு. ரெண்டு தடவை குடுத்தாரு" என்றார் அப்பா, சட்டையைக் கழற்றிக்கொண்டே.

சட்டைப் பையிலிருந்து பழுப்பு உறை ஒன்று தரையில் விழுந்தது. மேலே என் பெயர் டைப் அடித்திருந்தது. பின்பக்கம் அரக்கு முத்திரை இரண்டாகப் பிளந்து, வாய் கிழிந்து கிடந்தது.

அது 1976 ஜூன். பி.ஏ. முடித்துவிட்டு, அரசியல் விஞ்ஞானத்தில் எம்.ஏ. படிக்கச் சென்னைக்கும் மதுரைக்கும் விண்ணப்பப் பாரம் வாங்கியிருந்தேன். சென்னைப் பாரத்தை அம்மா அரிசிப் பானைக்கு அடியில் வைத்துவிட்டு, "அம்புட்டுத் தூரம் ஆகாது" என்று முடித்துவிட்டாள். மிச்சம் இருந்தது மதுரை. அங்கே அத்தை வீடு இருந்ததால் அம்மாவால் வாய் திறக்க முடியவில்லை. ஆனால் பாடம் நடத்திய பேராசிரியர் ஒருவர் என்னைப் பற்றி எழுதி, ஒட்டி, அரக்கு வைத்த கடிதம் ஒன்று கூடவே போக வேண்டும். அரக்கு உடைந்திருந்தால் விண்ணப்பம் தள்ளுபடி என்று பாரத்திலேயே அச்சடித்திருந்தார்கள். திங்கட்கிழமை கடைசி நாள். அன்று வியாழன்.

இந்த வருஷம் தவறினால் அடுத்த வருஷம் என்று ஒன்று எனக்குக் கிடையாது. கொழும்பில் கடை வைத்திருந்த ஒரு மாப்பிள்ளையின் போட்டோ ஏற்கெனவே அம்மாவின் ஜெபப் புத்தகத்துக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. நல்ல மீசை. அதைத் தவிர அவரிடம் குறை ஒன்றுமில்லை.

கடிதம் எழுத வேண்டியவர் அருமைநாயகம் சார். அவரைப் பார்க்க நான் போகாததற்குக் காரணம் இருந்தது. ஜனவரியில் அடிப்படை உரிமைகள் பாடம் நடத்தினார். நெருக்கடி நிலை வந்து ஆறு மாதம் தாண்டியிருந்தது. நான் எழுந்து, "இதெல்லாம் இப்ப இருக்கா சார்?" என்று கேட்டுவிட்டேன். சார் வாசல் பக்கம் பார்த்தார். புத்தகத்தை மூடினார். "உக்காரு" என்றார். அதற்கப்புறம் பரீட்சை வரைக்கும் என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. என்ன எழுதுவாரோ என்று எனக்குப் பயம். கடல் சீற்றத்தால் மே மாதத்தோடு தோணி ஓட்டம் நின்று அப்பா கரையில் சும்மா இருந்தார். அதனால் சாயர்புரத்தில் இருந்த சார் வீட்டுக்கு அவரை அனுப்பினேன். அனுப்பியது என் முட்டாள்தனம்.

ஏனென்றால் அப்பா தண்டல். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணிக்குத் தலைவர். அவருடைய கூட்டாளி பவுல், யாரோ தெரிந்தவர் கொடுத்த தைத்த மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் கொண்டுபோய், உள்ளே தங்கம் இருந்து, எட்டு மாதம் கொழும்பு ஜெயிலில் கிடந்தார். அன்றிலிருந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காத எதையும் அப்பா கையில் தூக்குவதில்லை. பங்குச் சாமியார் கொடுத்தனுப்பிய கிறிஸ்துமஸ் கேக்கையே ஊசியால் குத்திப் பார்த்தவர். இது ஊருக்கே தெரியும். எனக்கு மட்டும் அன்று மறந்துபோயிருந்தது.

"பிரிச்சிட்டீங்களா?" என்று கத்தினேன். "இது என்ன புண்ணாக்கு மூட்டையா? பிரிக்கக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்லா? என் படிப்பையே பாழாக்கிட்டீங்க!"

அழுகை வந்துவிட்டது. அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். அப்பா சாவகாசமாகச் சட்டையை ஆணியில் மாட்டினார்.

"ஏளா, மனுஷன் சொல்லுததை முழுசா கேளு. பஸ்ஸுக்கு நேரம் கிடந்துது. டீக்கடையில இருந்து பிரிச்சேன். நமக்கு இங்கிலீசு படிக்கத் தெரியாது. ஆனா மார்க் பாக்கத் தெரியும்லா?"

தோணியில் ஏறும் ஒவ்வொரு சரக்குச் சிப்பத்தின் மேலும் ஆங்கில எழுத்தில் ஒரு மார்க் இருக்கும். சரக்குப் பட்டியலிலும் அதே மார்க் இருக்க வேண்டும். இரண்டையும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்த்துத்தான் அப்பா தோணியில் ஏற்றுவார். முப்பது வருஷமாக அவர் செய்த படிப்பு அது ஒன்றுதான்.

"கவர் மேல உன் பேரு. உள்ளே வேற பேரு. முத எழுத்தே ஒக்கல. மார்க் மாறின சரக்கை நான் ஏத்துவனா? திரும்ப நடந்தேன். சார் வாங்கிப் பாத்தாரு. மூஞ்சி செவந்து போச்சு. உன்கூடப் படிச்சானாமே ஜெயசிங்குன்னு ஒருத்தன், அவனுக்கு எழுதின லெட்டர் அது. ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல எழுதி, கவரை மாத்தி ஒட்டிட்டாரு. உன்னுது அவன் கவருக்குள்ள, மேசையிலயே கிடந்துது."

அப்பா கொண்டுபோயிருந்த துணிப்பையைத் திறந்து இன்னொரு உறையை எடுத்து மேசையில் வைத்தார். புது உறை. அரக்கு முழுசாக, சாரின் கையெழுத்தோடு இருந்தது.

"இதை ஒட்டுறதுக்கு முன்னாலயே காட்டுங்க சார்னுட்டேன். காட்டினாரு. உன் பேரு தலைப்புல ஒண்ணு, உள்ள நாலு இடத்துல. ஒட்டச் சொல்லி, அரக்கு காயிற வரைக்கும் பக்கத்துலயே நின்னேன்."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது, அழுகையும் நிற்கவில்லை. ஜெயசிங்கின் கடிதத்தோடு என் விண்ணப்பம் மதுரைக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. அப்பாவின் காலைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டு அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

"என்னைப் பத்தி ஏதும் சொன்னாராப்பா? கோவமா இருந்தாரா?"

அப்பா தண்ணீரைக் குடித்து முடித்தார். "வாசல் வரைக்கும் கூட வந்தாரு. தண்டலே, உங்க மக வகுப்புல ஒரு கேள்வி கேட்டா, பதில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லாமப் போச்சு, பெரிய இடத்துல போயாவது அவளுக்குப் பதில் கிடைக்கட்டும்னு எழுதியிருக்கேன்னாரு. அப்படி என்னத்தளா கேட்ட?"

காலி டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். ஐந்து மாதமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. சாரைப் போய்த் திட்டியிருக்கிறேனே மனசுக்குள், எத்தனை தடவை!

மறுநாள் காலையில் ரிஜிஸ்தர் தபாலில் போட்டோம். ஜூலையில் மதுரையிலிருந்து சேர்க்கை அட்டை வந்தது. அப்பா அதை வெளிச்சத்தில் பிடித்து, என் பெயரை எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் பார்த்து, "மார்க் சரியா இருக்கு" என்றார். அம்மா மீசைக்காரர் போட்டோவைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

மதுரைக்குக் கிளம்பிய அன்று, பஸ் நிலையத்தில் அத்தனை பேர் முன்னாலும் அப்பா என் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். பூட்டிய பெட்டியை அவர் எப்படித் தூக்குவார்? முன்னெல்லாம் இதற்குச் சண்டை போட்டிருப்பேன். அன்று சாவியை நானே எடுத்துக் கொடுத்தேன். சேலைகளை நகர்த்தி, புத்தகங்களைத் தூக்கிப் பார்த்தவர் கையில் அந்தக் கிழிந்த உறை அகப்பட்டது.

"இதை எதுக்குளா சுமந்துட்டுப் போற?"

"சரக்கு போய்ச் சேர்ற வரைக்கும் கிழிஞ்ச சாக்கையும் தூரப் போடக் கூடாதுன்னு நீங்கதானேப்பா சொல்லுவீங்க?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. உறையை எடுத்த இடத்திலேயே வைத்து, அதன் மேல் சேலைகளை ஒவ்வொன்றாக மடித்து அடுக்கிப் பெட்டியைப் பூட்டினார். சாவியை என் கையில் கொடுக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.